மயில் வைத்த குயில்ட்

என் தங்கைக்கு யோசனைகள் எல்லாம் போனிலிருந்துதான் வரும். அந்த வருடம் ஐப்பசி மழை விட்ட ஒரு மதியம், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் தையல் கடைக்கு வந்து, போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஏதோ ஒரு பனி ஊரில், துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த ஒரு சின்னப் போர்வையின் மேல் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டு படுத்திருந்தது. சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்கள்.

“ஹாலிடே குயில்ட்க்கா. பாப்பாவுக்கு இதான் ஃபர்ஸ்ட் கிறிஸ்துமஸ். உன்கிட்டதான் மூட்டை மூட்டையா பிட்டுத் துணி இருக்குதே. சின்னதா ஒண்ணு தெச்சிக் குடேன்.”

மூட்டை இருந்தது உண்மைதான். காஞ்சிபுரத்தில் ரவிக்கை தைக்கிறவள் கடையில் வேறு என்ன இருக்கும். தைத்தது போக மிஞ்சிய பட்டுத் துண்டைத் திருப்பிக் கொடுத்தால், “இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்” என்பார்கள். கொடுக்காவிட்டால், “துணிய அடிச்சிட்டா” என்பார்கள். அதனால் நான் ஒவ்வொரு முறையும் கொடுப்பேன், அவர்கள் வேண்டாம் என்பார்கள், நான் மூட்டையில் போடுவேன். சிவப்புக்கும் பச்சைக்கும் பஞ்சமே இல்லை. இந்த ஊரில் கல்யாணப் பெண்ணும் அம்மனும் கட்டுகிற நிறங்களைத்தான் அந்தப் பனி ஊர்க்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கடை வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். “இன்னாது, குயிலா?” என்றாள்.

“குயில்ட்டும்மா. துண்டுத் துணியில தெக்கிற போர்வை.”

போனை வாங்கிப் படத்தை நன்றாகப் பார்த்தாள். “இதுல குயிலு எங்க இருக்குது? வெறும் கட்டமாதான் இருக்குது.”

பக்கத்துக் கடைக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர். எட்டிப் பார்த்துவிட்டு, இது ‘பொந்த’, எங்கள் வீட்டில் கிழிந்த புடவைகளை அடுக்கித் தைப்போம் என்றார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. பேரிலேயே குயில் இருக்கும்போது துணியில் ஒரு குயில்கூட இல்லாவிட்டால் அது ஏமாற்று வேலை என்பது அவள் கட்சி. குயில் போட்ட பட்டுக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டேன். அம்மா பூண்டைக் கீழே வைத்தாள்.

“குயிலு இல்லன்னா மயிலு போடு. எம் பட்டுப் புடவையில மயிலு இருக்குது. வெட்டிக்கோ.”

தங்கையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் அம்மாவின் பெருந்தன்மையைப் பார்த்து வாயடைத்துப் போயிருந்தாள். எனக்கு வாயடைத்த காரணம் வேறு.

அம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு பட்டுப் புடவை. தென்னேரிப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்த காலத்தில், கூலியில் மிச்சம் பிடித்து டவுனுக்கு வந்து வாங்கியது. கோயில் பக்கம் நின்றிருந்த ஒருவன், “தறியிலேருந்து நேரா வருதும்மா” என்று சொல்லிச் சந்துக்குள் கூட்டிப்போய்க் கொடுத்தானாம். மாம்பழ மஞ்சள், சிவப்புக் கரை, கரை நெடுக மயில். எங்கள் சொந்தத்தில் பட்டு வாங்கிய முதல் பெண் அவள். பட்டுக் கட்டினவர்களின் வயலில் குனிந்தே நின்றவள். அந்தப் புடவையைக் கட்டினால் அவள் நடையே வேறு. சர்ச்சில் நேராக முன் பெஞ்சில் போய் உட்காருவாள். மற்ற ஞாயிறுகளில் கடைசி பெஞ்சுதான்.

அது பட்டு இல்லை.

நான் தையல் பழகிய புதிதில் அதற்கு இஸ்திரி போட்டேன். சூடு கொஞ்சம் கூடிவிட்டது, பட்டு என்றால் கருகியிருக்கும். முந்தானை ஓரம் உருகிச் சுருண்டு பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. பாலியஸ்டர். பெட்டி சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். “பட்டுன்னா அப்டிதாம்மா, நாசூக்கு” என்று அவள் எனக்கே பாடம் எடுத்தாள். அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? சந்துக்குள் கூட்டிப்போனவனைத் தேடிப் பிடிக்கவா முடியும்? அவளை முன் பெஞ்சிலிருந்து எழுப்பிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவதுதான் மிச்சம்.

“வேணாம்மா” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா வீட்டுக்குப் போய் மஞ்சள் பையோடு வந்துவிட்டாள். இடுப்பில் செருகுகிற உள்முனையை விரித்து, என் கத்தரிக்கோலையே எடுத்து, கரையிலிருந்து ஒரு மயிலை வெட்டினாள். “கட்டினா உள்ள போயிடும், யாருக்குத் தெரியப்போகுது. எம் பேத்திக்கு இல்லாததா” என்றாள். அந்தப் புடவையில் ஒரு மழைத்துளி பட்டாலே சண்டைக்கு நிற்கிறவள் அவள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் தங்கையைத் திட்டினேன்.

போர்வை தைப்பது ரவிக்கை தைப்பதைவிடச் சுலபம். அக்குள் கிடையாது, அளவு தப்பிவிட்டது என்று யாரும் வந்து நிற்கப்போவதில்லை. ஆனால் பட்டு கத்தரிக்கோலுக்கு அடங்காமல் வழுக்கும், ஓரத்தில் பிசிர் விடும். ஜரிகை குழந்தையைக் குத்தும் என்று ஜரிகை வந்த பக்கத்தையெல்லாம் வெட்டித் தள்ளினேன். துண்டுகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து, உள்ளே பழைய வேட்டியை மடித்து வைத்து, அடியில் லைனிங் துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் நூல் ஓட்டினேன். மயில் நடுக் கட்டத்தில்தான் வர வேண்டும் என்று அம்மா நின்று பார்த்துச் சொன்னாள். அதை மட்டும் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கொஞ்சமும் குத்தவில்லை. அசல் ஜரிகையாக இருந்தால் குத்தியிருக்கும்.

இதுவரை எல்லாம் சரிதான். டிசம்பர் நடுவில் தங்கை வந்து, “கிறிஸ்துமஸுக்கு எங்க அத்த வராங்க” என்றாள்.

தங்கை காதலித்துக் கட்டிக்கொண்டது பிள்ளையார்பாளையத்து நெசவுக்கார வீட்டுப் பையனை. அவனுடைய அம்மா, அதாவது எங்கள் சம்பந்தியம்மா, கல்யாணத்துக்கு வந்தார், நின்றார், போனார். எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அதைக்கூட அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பயம் வேறு. சம்பந்தியம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல குணம்தான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், முகூர்த்தத்துக்கு முன்னால், பெண்ணின் கூரைப்புடவையிலிருந்து ஒரு பிசிரை இழுத்துக் குத்துவிளக்கில் காட்டி, “இது டூப்ளிகேட்டு” என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னவர். பெண்ணின் அம்மா அதற்குப் பிறகு அவரோடு பேசுவதில்லை. ஏன் பேசுவதில்லை என்று சம்பந்தியம்மாவுக்கு இன்னும் புரியவில்லை.

எங்கள் ஊரில் நூலைக் கொளுத்திப் பார்ப்பது அவமரியாதை இல்லை. காய்கறியை அழுத்திப் பார்க்கிற மாதிரி. பட்டு எரிந்தால் தலைமுடி கருகிய நாற்றம் வரும், விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும், எவ்வளவு தேய்த்தாலும் உதிராது.

மயிலைப் பிரித்து எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் அம்மா தெருவில் பாதிப் பேரிடம் சொல்லி முடித்திருந்தாள். மீதிப் பேருக்குப் போர்வையைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தாள். போர்வையை ஒளித்துவிடலாம் என்றால் அது அவள் கையை விட்டு இறங்கவே இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று சம்பந்தியம்மா வந்தார். மார்கழியில் அவர் கவிச்சி தொடமாட்டார் என்று அம்மா புதுப் பாத்திரம் வாங்கி, காய் பிரியாணி தனியாகச் செய்திருந்தாள். குழந்தை, பொம்மைகள் வைத்த கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில், குயில்ட்டின் மேல், மயிலில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா மாம்பழ மஞ்சளில் நின்றாள். சம்பந்தியம்மா நாற்காலி வேண்டாம் என்று குழந்தையின் அருகில் தரையில் உட்கார்ந்தார். அவர் கை தானாகப் போர்வையின் ஓரத்துக்குப் போனது. இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு சிவப்புக் கட்டத்தைத் தேய்த்தார்.

“வத்திப்பெட்டி இருக்குதாம்மா?” என்று என்னைக் கேட்டார்.

“தீந்துபோச்சி அத்த” என்றேன்.

குடிலில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. காலையில் அதை நான்தான் ஏற்றி வைத்தேன். சம்பந்தியம்மா ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த சிவப்புப் பிசிரை இழுத்து, மாட்டுக்கும் மேய்ப்பனுக்கும் இடையில் கையை விட்டு, நெருப்பில் காட்டினார். தலைமுடி நாறியது. தேய்த்தார், உதிர்ந்தது. “சுத்தம்” என்றார். பச்சையில் ஒன்று இழுத்தார். அதுவும் சுத்தம்.

“போதும் அத்த, கொழந்த எழுந்துக்கப்போகுது” என்றேன்.

“அந்த மயிலப் பாருங்க சம்பந்தி” என்றாள் அம்மா. “அது என்னோடது. தறியிலேருந்து நேரா வாங்கினது.”

அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் குடிலில் இருந்த ஒட்டகத்தைப் பார்த்தேன். சம்பந்தியம்மா குழந்தையின் கன்னத்தை மெதுவாக நகர்த்தினார். மயிலின் மேல் விரலை வைத்தார். அந்த இடத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கை பழக்கத்தில் பிசிரை இழுத்துவிட்டது, நெருப்புக்கும் போய்விட்டது. கறுப்புப் புகை வந்தது. பிளாஸ்டிக் நாற்றம் வந்தது. நூலின் நுனி உருகித் துளியாகி அவர் விரலில் ஒட்டியது.

அவர் கையை உதறவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி, புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சம்பந்தியம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தித் தேய்த்தார். உதிராத ஒன்றை வெகுநேரம் தேய்த்தார்.

“பொடியாப் போச்சி” என்றார். “சுத்தப் பட்டு.”

“நான் சொல்லல?” என்றாள் அம்மா என்னைப் பார்த்து. நான் ஏதோ இத்தனை வருடமாக மறுத்துக்கொண்டிருந்த மாதிரி.

“ஒரு மாதிரி நாறுதே” என்றாள் தங்கை.

“மெழுகுவத்தி நாத்தம்” என்றார் சம்பந்தியம்மா.

கை கழுவ வேண்டும் என்று எழுந்தார். பின்பக்கம் கூட்டிப்போனேன். விரல் நுனி சிவந்து கொப்பளித்திருந்தது, நடுவில் கறுப்பு மணி ஒட்டியிருந்தது. அதை நகத்தால் பெயர்த்துச் சாக்கடையில் போட்டார். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

“எந்தப் பாவி வித்தான்?” என்றார் தணிந்த குரலில்.

“தெரியல அத்த.”

“உனக்கு முன்னயே தெரியும்.”

“தெரியும்.”

“வாய மூடிக்கினு இரு” என்றார். பிறகு, “சாப்பாடு போடு, பசிக்குது” என்றார்.

சாப்பிட்டார். எங்கள் வீட்டில் முதல் முறையாக, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மாவைச் சொல்லவே வேண்டாம், தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவள் செய்த காரியம்தான் வினை. சம்பந்தியம்மா கிளம்பும்போது உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு, மாம்பழ மஞ்சளை மடித்து மஞ்சள் பையில் போட்டு நீட்டினாள்.

“நெய்யிறவங்க கையிலயே கொடுக்கிறாளேன்னு நெனைக்காதீங்க சம்பந்தி. நீங்க ஊருக்கெல்லாம் நெய்யிறீங்க, நீங்க ஒரு பட்டு கட்டி நான் பாத்ததில்ல. ஒரு மயிலுதான் குறையுது, அது உள்ள போயிடும்.”

சம்பந்தியம்மாவின் மேல் அன்று இருந்தது மலிவான ஒரு சின்னாளப்பட்டிப் புடவை. அவர் என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் ஒட்டகத்தைப் பார்த்தேன். பையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பீரோவின் அடித்தட்டில் போட்டுவிடுவார், அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு எங்களை அவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார். அதுவும் முதல் முறைதான். தெரு முழுக்கத் தறி. பண்டிகை என்று எல்லாத் தறியும் நின்றிருந்தன, பெண்கள் எல்லாரும் வாசலில் இருந்தார்கள். கதவைத் திறந்தவர் மாம்பழ மஞ்சளில் நின்றார். சிவப்புக் கரை, மயில். உள்ளே அவருடைய தறியில் பாதி நெய்த அசல் பட்டு ஒரு துணியால் மூடிக் கிடந்தது. அம்மா பெருமையில் என் தொடையைக் கிள்ளினாள். வலித்தது.

நாங்கள் இலையில் உட்கார்ந்திருக்கும்போது எதிர்வீட்டுப் பெண் கரும்புத் துண்டுகளோடு உள்ளே வந்தாள். பிறந்ததிலிருந்து பட்டிலேயே புழங்கியவள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னாக்கா, நீ போயி பாலியஸ்டர் கட்டிக்கினு நிக்கிற?”

நான் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. சம்பந்தியம்மா அம்மாவின் இலையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டிருந்தார். கரண்டி பிடித்த விரலின் நுனியில் தோல் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. அவர் நிமிரவே இல்லை.

“பட்டுடி” என்றார். “நானே கொளுத்திப் பாத்தேன்.”

அந்தத் தெருவில் அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. எதிர்வீட்டுப் பெண் புடவையை இன்னொரு முறை பார்த்தாள், தன் கண்மேல்தான் சந்தேகப்பட்டாள் போல, கரும்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா அவள் போகிற திசையை இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு என் காதருகில் குனிந்தாள்.

“பாவம். நெசவுத் தெருவுலயே இருந்துக்கினு அதுக்குப் பட்டு தெரியல பாரு.”