மாமாவின் ‘இஷ்’

போர்ட் கொச்சியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு சின்ன ஹோட்டலில் மாமாவுக்கு வேலை. அம்மாவின் தம்பி. என் அப்பா இறந்த பிறகு மட்டாஞ்சேரிக்கு வந்து எங்களோடே தங்கிவிட்டவர். ஆங்கிலத்தை விருந்தினர்களின் வாயிலிருந்தே பிடித்துக்கொண்டார். ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அம்மாள் காலைச் சாயாவை ‘எய்ட்டிஷ்’ கொண்டுவரச் சொல்லிச் சிரித்தாராம். எட்டுக்குப் பின்னால் வந்த அந்த ‘இஷ்’ மாமாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

“அது மரியாதைக்குச் சேக்கறது மோளே. நம்ம ‘ங்க’ போல,” என்றார் என்னிடம். அன்றிலிருந்து டீ டீயிஷ் ஆயிற்று, மேடம் மேடமிஷ் ஆனார்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். எனக்கு அப்பா இல்லை என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். பெற்றோர் கூட்டத்தன்று அம்மாவுக்குக் காய்ச்சல். இஸ்திரி போட்ட சட்டையில் மாமா வந்தார். ஆங்கில டீச்சர், “ஃபாதர்?” என்று கேட்டார். மாமா என்னை ஒருதரம் பார்த்தார். எழுந்து நின்று, “ஃபாதரிஷ், மேடமிஷ்,” என்றார்.

பின்பெஞ்சில் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. டீச்சர் மட்டும் சிரிக்காமல், அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் டீச்சரே அந்த விகுதியைப் பாடமாக எடுத்தார். முதலில் அது ஊரையும் இனத்தையும் சொல்ல வந்ததாம்: இங்கிலீஷ், ஸ்பானிஷ். பிறகு ‘போல’ என்றாயிற்று: சைல்டிஷ், குழந்தையைப் போல. கடைசியில் ‘ஏறக்குறைய’: எய்ட்டிஷ், எட்டு மணி வாக்கில்.

மாமாவைத் திருத்தும் அவசரத்தில் வீட்டுக்கு ஓடினேன். அங்கே அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பள்ளுருத்தியிலிருந்து மாமாவுக்கு வரன் வந்திருந்தது. கல்யாணம் முடிந்ததும் மாமா பெண் வீட்டோடு வந்துவிட வேண்டும் என்றார்களாம். மாமா முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

“நல்ல இடம்டா. எங்களுக்காக எத்தனை நாள் இப்படி நிப்பே?” என்றாள் அம்மா.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. “மாமா, இஷ்னா மரியாதை இல்லை. கிட்டத்தட்டன்னு அர்த்தம். முழுசா இல்லைன்னு.”

“அப்போ ஃபாதரிஷ்னா?”

“கிட்டத்தட்ட அப்பா.”

மாமா, “அந்த இஷ் எப்போ போகும் மோளே?” என்று கேட்டார்.

அம்மாவின் கை மீன்சட்டிக்குள் அப்படியே நின்றது.

நான் அதை இலக்கணக் கேள்வி என்றுதான் நினைத்தேன். “விகுதியை எடுத்துட்டா போயிடும் மாமா,” என்று டீச்சர் குரலில் சொல்லிவிட்டு விளையாடப் போனேன்.