தாணேயில் எழுந்து நின்றவள்

கல்யாண் லோக்கலின் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம்தான் அவள் இடம். சோடாபுட்டிக் கண்ணாடி, மடியில் டிபன் பை. எந்நேரமும் ஏதாவது ஒரு சொல்லை வேர்க்கடலைபோல் மென்றுகொண்டிருப்பாள். ஆங்கிலக் கதைகளில் வரும், மரத்தில் வாழும் கூர்க்காது எல்ஃப்களுக்காக அவளாகவே ஒரு மொழி உண்டாக்கிக்கொண்டிருந்தாள்.

“‘நிரூலாமே’ன்னா, கிளையை விட்டு இறங்குறியான்னு அர்த்தம்க்கா. ஆயிரம் வருஷத்துல தேஞ்சு தேஞ்சு வெறும் ‘நிரு’ ஆயிரும்,” என்றாள் ஒருநாள்.

ரயிலில் ஏறியதும், உட்கார்ந்திருப்பவர்களிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டு சீட்டைப் பிடித்துவைப்பது எங்கள் வழக்கம். மறுநாளே அதை “நிரூலாமே?” என்று கேட்க ஆரம்பித்தோம். பெட்டி முழுக்க ஒரே சிரிப்பு. ஆனால் அந்த நெரிசலில் அவ்வளவு நீளமாகக் கேட்க யாருக்கு மூச்சு இருக்கிறது? நாளாக ஆக அந்தச் சொல்லின் வால் உதிர்ந்துகொண்டே வந்தது.

ஒரு காலையில், நாங்கள் முன்பின் பார்த்திராத மராத்திக்காரப் பெண் ஒருத்தி தாணேயில் முண்டியடித்து ஏறினாள். நேராக இவளிடம் வந்து, “நிரு?” என்றாள்.

இவள் துள்ளி எழுந்தாள். “பைட்டோ, பைட்டோ!” என்று தன் சீட்டைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

“ஏட்டி, நீ மாட்டுங்காவுலல்லா இறங்கணும்!” என்று கத்தினேன்.

“ஆயிரம் வருஷம் ஆகும்னு நெனச்சேன்க்கா! ஒரே மாசத்துல ‘நிரு’ ஆயிட்டு!”

மாட்டுங்கா வரை கம்பியைப் பிடித்து நின்றே வந்தாள். ஜன்னலோர சீட்டை இழந்துவிட்டு அப்படிச் சிரித்த இன்னொருத்தியை இந்த மும்பையில் நான் இன்னும் பார்க்கவில்லை.