மூடியில் எழுந்த குமிழி

துபாயில், அல் குசைஸில் எங்கள் வீட்டுக்கு கேஸ் சரிபார்க்க வந்த மதுரைத் தம்பி, ரெகுலேட்டரில் சோப்பு நுரையைத் தடவினார். ஓரமாக ஒரு குமிழி எழுந்து உடைந்தது.

நான் சிறுமியாக குவைத்தின் ஃபர்வானியாவில் இருந்தபோது அப்பாவும் இப்படித்தான் தடவுவார். எங்கள் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த கருணா மாமாவின் கட்டிலுக்குப் பின்னால் அப்பாவின் பீப்பாய் நின்றது. உள்ளே திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும். அங்கே மதுவுக்குத் தடை. "இஞ்சி சோடாம்மா, வெளியில சொல்லாத," என்பார் அப்பா. நம்பினேன். மூடியில் எங்கே குமிழி வருகிறதோ அங்கே ரப்பர் வளையத்தில் வாஸ்லின் பூசுவார். உஸ் என்ற சத்தம் அடங்கிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை வளையமே விரிசல் விட்டிருந்தது. "புதுசு போட்ருங்கண்ணே," என்றார் மாமா. வாஸ்லினே போதும் என்று அப்பா பூசிக்கொண்டிருந்தார். அதற்குள் புளித்த வாடை படிக்கட்டுவரை போய், போலீஸே வந்துவிட்டது.

"அது அவன் ரூம். எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் அப்பா.

அவர் விரல்களில் வாஸ்லின் இன்னும் பளபளத்தது. மாமா அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், போலீஸோடு படியிறங்கினார். அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதமே அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்தார்.

"தம்பி, ரப்பர் வளையத்தைப் பாருங்க, அங்கதான் கசியும்," இப்போது ஹாலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"ஐயா, இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

அப்பா வாயெடுப்பதற்குள் நான் சொன்னேன்: "கருணா மாமாகிட்ட. பீப்பாய் அவரோடதுதானேப்பா?"