அக்காவுக்குச் சொன்ன முடிவு

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் என் அக்கா பதினாறு வருடம் சேலை விரித்துக் காட்டினாள். பகல் முழுக்க நின்றே இருக்க வேண்டிய வேலை. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் முதலில் செருப்பிலிருந்து காலை உருவிக்கொள்வாள். அடுத்து பையிலிருந்து புத்தகத்தை எடுப்பாள். எட்டாவதோடு பள்ளியை விட்டவள். ஆனால் எங்கள் குடும்பத்தில் படிக்கிறவள் என்றால் அவள்தான். நான் பரீட்சைக்குப் படித்தவள், அவ்வளவே.

நாங்கள் பிறந்து வளர்ந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். அதை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் எட்டாவது தளத்தில் வீடு கொடுத்தார்கள். அம்மா அங்கேயே இருந்துவிட்டாள். அங்கிருந்து வேலைக்குப் போய்வர இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் அக்காவும் நானும் மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தோம். என்னை நர்சிங் படிக்க வைத்தது அக்கா. அவள் கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவள் வாங்குவதெல்லாம் நடைபாதைப் பழைய புத்தகங்கள். அதிலும் யாரோ வாரப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த தொடர்கதைகள் என்றால் உயிர். ஒரு பக்கம் கதை, மறுபக்கம் பாதி வெட்டுப்பட்ட கூந்தல் எண்ணெய் விளம்பரம். அந்த விளம்பரத்தையும் விடமாட்டாள்.

நாற்பதைத் தொடுவதற்குள் சர்க்கரை அவள் கண்ணில் இறங்கியது. பிறகு சிறுநீரகம். கடை வேலை நின்றது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆனது. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுகிறது என்றாள். அடையாறில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலிருந்து வந்ததும் அவளுக்குப் படித்துக் காட்டுவது வழக்கமாயிற்று. அப்போது கையில் இருந்தது அட்டை போன ஒரு தொடர்கதை. அப்பா விட்டுப்போன வீட்டை மூத்த மகள் ஒருத்தி தையல் மிஷின் மிதித்துக் காப்பாற்றுகிறாள். வளர்ந்துவிட்ட தம்பிகள் அதை விற்கச் சொல்லி நெருக்குகிறார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நான் ஒரு வரியைத் தாண்டினால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள்.

முக்கால்வாசி முடிந்திருந்தபோது நான் ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டினேன். வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டுமானால் அதில் தேற வேண்டும். எழுதுவது, கேட்பது எல்லாம் ஒரு மாதிரி சமாளிக்கலாம்; எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கும் பேச்சுத் தேர்வுதான் பயம். தி.நகரில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தவர், பொழுதுபோக்கு பற்றிக் கேட்டால் வாசிப்பு என்று சொல்லுங்கள் சிஸ்டர், அதற்கு நல்ல வார்த்தைகள் இருக்கின்றன என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தார். முன்னேற்றத்துக்கு வழி சொல்லும் ஏதோ ஒரு புத்தகத்தை நான் படித்து ரசித்ததாக அதில் இருந்தது.

அதைத்தான் வீட்டில் நடந்துகொண்டே சத்தமாகச் சொல்லிப் பழகினேன். கட்டிலில் படுத்தபடி அக்கா, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். வாசிப்பு இல்லாமல் என்னால் ஒருநாள்கூட இருக்க முடியாது என்று அர்த்தம் என்றேன்.

"எப்பத்துலேர்ந்து?" என்று சிரித்தாள்.

இரண்டு வாரம் அவளுக்கு ஒரு பக்கம்கூட நான் படிக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அவள் வற்புறுத்துகிற ஆள் இல்லை. உனக்கு டெஸ்ட் கீது, நீ படி என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும், நான் கண்ணாடி முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, கேட்டாள்.

"கதையெல்லாம் வாணாம். அந்த வூட்ட வித்தாளா இல்லியா, அத்த மட்டும் பாத்துச் சொல்லு."

புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். படிக்கவில்லை. கண் எழுத்தின் மேல் இருந்தது, மனது அடுத்த கேள்விக்கான பதிலில் இருந்தது. "விக்கலக்கா. தம்பிங்க மனசு மாறிட்டாங்க. எல்லாரும் ஒண்ணா அந்த வூட்லயே இருந்துட்டாங்க" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அப்டியா முடிச்சாங்க? அவளே வித்துப்புட்டுக் கெளம்பிடுவான்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

"இல்லக்கா" என்றேன்.

"சர்தான்" என்றாள்.

புதன்கிழமை டயாலிசிஸ் நடக்கும்போதே அவள் இதயம் நின்றுவிட்டது. எத்தனையோ பேருடைய வீட்டாருக்கு இந்தச் செய்தியை நான் சொல்லியிருக்கிறேன். எனக்கு அதைச் சொன்ன நர்ஸ் என்னைவிடச் சின்னப் பெண். என் கையைப் பிடித்தபடியே நின்றாள்.

அம்மா வந்து எங்கள் அறையில் தங்கினாள். பதினோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம், அம்மா அசந்து தூங்கும்போது, அந்தத் தொடர்கதையை விட்ட இடத்திலிருந்து படித்தேன். ஒரே மூச்சில் முடித்தேன்.

அவள் வீட்டை விற்றுவிடுகிறாள். தம்பிகளுக்காக இல்லை, தனக்காக. அவரவர் பங்கைக் கொடுத்துவிட்டு, தையல் மிஷினைக்கூட எடுத்துக்கொள்ளாமல், யாரையும் தெரியாத ஒரு ஊருக்கு ரயில் ஏறுகிறாள். அங்கே ஒரு சின்ன அறையில் கதவைச் சாத்திவிட்டு ஆற அமர உட்கார்கிறாள். அதோடு கதை முடிகிறது.

அக்கா நினைத்தது சரி. இல்லை என்று நான்தான் சொல்லிவிட்டேன்.

தேர்வுக்குப் போக வேண்டாம் என்றிருந்தேன். அவள் ஆசைப்பட்டது, போய்ட்டு வா என்று அம்மாதான் அனுப்பினாள். கதையைப் படித்து முடித்த மூன்றாம் நாள் காலையில் தி.நகரில் ஒரு சின்ன ஏசி அறையில் உட்கார்ந்தேன். எதிரில் கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண்மணி. மேஜையில் பேச்சைப் பதிவு செய்யும் கருவி. பெயர், வேலை, ஊர் எல்லாம் விசாரித்த பிறகு ஒரு அட்டையை என் பக்கம் தள்ளினார். சமீபத்தில் நீங்கள் படித்து முடித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றிருந்தது. யோசிக்க ஒரு நிமிடம். பேச இரண்டு நிமிடம்.

மனப்பாடம் செய்த பக்கம் முழுசாக நினைவில் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அந்த வீட்டின் கதை. மூத்த மகள், தையல் மிஷின், தம்பிகள், ரயில் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தடுக்கித் தடுக்கிச் சொன்னேன். நல்ல வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. இரண்டு நிமிடம் ஆனதும் அவர் கை காட்டி நிறுத்தினார். இந்தப் புத்தகத்தை வேறு யாராவது படித்தார்களா என்று கேட்டார்.

என் அக்கா நிறையப் படிப்பாள் என்று தொடங்கினேன். ஆங்கிலத்தில் 'ரீட்ஸ்' என்று சொல்லிவிட்டேன். தப்பு. நின்று, 'ரெட்' என்று திருத்தினேன். அதுவரை தமிழில்கூட நான் அவளை இறந்தகாலத்தில் சொன்னதில்லை. வீட்டில் இன்னமும் 'அக்கா சாப்புடுற தட்டு' என்றுதான் அம்மாவும் நானும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

திருத்தியதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் ஏதாவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன். ஆனால் அவர்கள் அப்படியெல்லாம் பேசக் கூடாது போல. தாளைப் புரட்டிவிட்டு, உங்கள் ஊரில் மக்களுக்கு வாசிக்கும் பழக்கம் குறைந்துவருகிறதா என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆமாம், பஸ்ஸில் எல்லோரும் போன்தான் பார்க்கிறார்கள் என்று பதில் சொன்னேன்.

மறுநாள் பயிற்சி வகுப்பிலிருந்து போன் வந்தது. என்ன தலைப்பு வந்தது சிஸ்டர் என்று ஆசிரியர் கேட்டார். சொன்னேன். "அடடா, நம்ம குடுத்ததே வந்துடுச்சா" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

பேச்சில் தேறிவிட்டேன். எழுத்தில் அரை மதிப்பெண் குறைந்தது. நாலு மாதம் கழித்து மறுபடி போனேன். அந்தமுறை உங்களுக்குப் பிடித்த கடைவீதி எது என்று கேட்டார்கள். பாண்டி பஜாரைப் பற்றிச் சரளமாகப் பேசினேன். எல்லாவற்றிலும் தேறி, இப்போது வேலைக்கான கடிதமும் வந்துவிட்டது.

போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போனபோது, அக்காவிடம் முடிவை மாற்றிச் சொன்னதை முதல்முறையாக வெளியே சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்டி. நீ பொய் சொன்னா அவளுக்குத் தெரியாதா?"

என்னைத் தேற்றத்தான் அம்மா அப்படிச் சொன்னாள். ஆனால் அன்றைக்கு ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது, அக்கா தெரிந்துகொண்டேதான் சர்தான் என்றாளா, தெரியாமல் சொன்னாளா, இரண்டில் எது எனக்குத் தாங்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இரண்டுமே தாங்கவில்லை.