கெதூரா மீனை விட்ட கதை

கெதூரா நாகாவ்கர் மீன் தின்பதை விட்டுவிட்டாள் என்ற செய்தி அலிபாகில் முதலில் மீன்காரி ஹௌசாபாய்க்குத்தான் தெரிந்தது. மழை ஓய்ந்து, மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் போட்டு, படகுகள் மறுபடி புறப்பட்ட வாரம் அது. கூடை நிறைய வாவல் மீன், அப்போதுதான் பிடித்த பளபளப்போடு. கெதூரா வாசலில் நின்று அந்த வாசனையை அடிவயிறு வரை இழுத்துவிட்டு, வீட்டில் ரெண்டு பேருக்கு மட்டும் போதும், தனக்கு வேண்டாம் என்றாள்.

ஹௌசாபாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏன்டி, பிராமணச்சி ஆயிட்டியா? சனிக்கிழமை எண்ணெய்க்காரன் வீட்டுல பிராமணச்சியா? கடலே சிரிக்கும்டி!"

நாகாவ்கர் வீட்டார் செக்கு ஆட்டுவதை விட்டு மூன்று தலைமுறை ஆகிறது. ஆனாலும் சனிக்கிழமை செக்கை நிறுத்திவிட்டு ஓய்ந்திருந்த யூதர்கள் என்பதால் வந்த பெயர் மட்டும் ஊர் வாயிலிருந்து போகவில்லை. கெதூரா அதற்கெல்லாம் கோபப்படுகிறவள் இல்லை. "வயசாகுதுல்ல" என்று மழுப்பினாள். ஐம்பத்திரண்டு வயதில், போன வாரம் வரை மீன் தலையை உறிஞ்சி முள்ளை வரிசையாக அடுக்கி வைத்தவள் சொல்கிற பேச்சா இது?

உண்மை வேறு. அது எலியாஹு தீர்க்கதரிசிக்கும் கெதூராவுக்கும் மட்டும் தெரிந்தது.

அவளுடைய ஒரே மகள் ஸிபோரா நர்ஸ். இஸ்ரேலில், அஷ்தோத் ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஏற்பாடு செய்ததே அங்கே குடியேறிய கெதூராவின் அண்ணன்தான்; அவரைப் போனில் நச்சரித்ததே கெதூராதான். கடிதம் வந்த அன்று ஜெப ஆலயத்து வாசலில் ஒருவர் விடாமல் பிடித்து நிறுத்திச் சொன்னாள். வீட்டுக்கு வந்தாள், சமையலறைக் கதவைச் சாத்தினாள், தேங்காய் துருவிக்கொண்டே துருவலில் கண்ணீர் சொட்டச் சொட்ட அழுதாள். போ போ என்று தானே ஊதிவிட்டு இப்போது போகாதே என்று எந்த வாயால் சொல்வது?

ஆகவே தீர்க்கதரிசியிடம் சொன்னாள். "அடுத்த மரப் பண்டிகைக்குள்ள அவளை இங்கேயே நிறுத்திடு. அதுவரைக்கும் நான் மீனைத் தொடல. நிறுத்திட்டா உன் பாறையில என் கையால தனியா அவல் மலீதா வைக்கிறேன்."

நேர்ச்சையை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது. இது ஜெப ஆலயத்தார் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

கெதூராவுக்கு நேர்ந்துகொள்வது புதிதல்ல. சிலிண்டர் வர நேர்வாள், பஸ் வர நேர்வாள், கிரைண்டர் கல் சிக்கினால் நேர்வாள். "எலியாஹுவுக்கு உன் வேலைக்கே தனியா ஒரு ஆள் போடணும்" என்பார் அவள் கணவர் பின்ஹாஸ். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் முன்பெல்லாம் அவள் விட்டது காபி, சினிமா, எதிர்வீட்டுக்காரியோடு சண்டை. மீனை விட்டதில்லை. இந்தத் தடவை காரியம் பெரிது.

அந்த ஐந்தரை மாதத்தைச் சொல்லி மாளாது. வெள்ளி இரவு ரொட்டிக்கும் திராட்சைச் சாறுக்கும் ஆசி சொன்ன கையோடு, பச்சைத் தேங்காய் மசாலாவில் மிதக்கும் மீனை அவளே பரிமாறுவாள். தன் தட்டில் பருப்பு. பின்ஹாஸ் அவள் பங்கையும் சேர்த்துத் தின்று சட்டைப் பொத்தான் இரண்டைத் தெறிக்கவிட்டார். ஸிபோரா மட்டும் தட்டைத் தாண்டி அம்மாவையே பார்ப்பாள்.

"ஆயி, ஏன் மீன் சாப்பிடறதில்ல?"

"ஒத்துக்கல."

"பிளட் டெஸ்ட் எடுத்துடலாமா?"

"ஊசியைக் கொண்டுகிட்டு என் பக்கம் வந்தே, பார்த்துக்கோ!" என்று கெதூரா கரண்டியோடு எழுந்து போய்விடுவாள். ஊசி என்றாலே அவளுக்குப் பயம், சின்ன வயதிலிருந்தே.

மரங்களுக்குப் புத்தாண்டான அந்த மரப் பண்டிகை தை மாதக் குளிரில் வந்தது. எலியாஹுவின் பாறைக்குப் போக பதினான்கு பேர் ஒரு டெம்போவில் ஏறினார்கள். பின்ஹாஸ் பின்னால் தொங்கிக்கொண்டு "ரைட், ரைட்!" என்றார், அவர் சொல்லாமல் அந்த டெம்போ நகர்ந்ததே இல்லை. அவரைக்காய்க் கொல்லைகள், பூத்த மாமரங்கள், சாகாவ் ஊரைத் தாண்டி மேட்டுப்பாதை. கூட்டத்தில் ஒருவர் பாடத் தொடங்க, இன்னொருவர் வேறு சுருதியில் பிடிக்க, யாரோ ஒருவர் மடியில் கொய்யாப்பழக் கூடை கவிழ்ந்தது. இருவாட்சிப் பறவை ஒன்று தலைக்கு மேலே பறந்ததைக் காட்ட ஸிபோரா எழுந்து நின்று, டெம்போ குலுங்கியதில் அத்தை மில்கா மடியிலேயே போய் விழுந்தாள்.

"அஷ்தோத்துலயும் இப்படித்தான் நோயாளி மேல விழுவியா?" என்றாள் மில்கா.

எல்லாரும் சிரித்தார்கள். கெதூரா சிரிக்கவில்லை. தவணை இன்றோடு முடிகிறது. பயணச் சீட்டு அடுத்த மாதத்துக்கு. தீர்க்கதரிசி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பாறை அதே இடத்தில் இருந்தது. எலியாஹுவின் ரதம் விண்ணுக்கு எழும்பியபோது பதிந்த சக்கரத் தடமும் குளம்புத் தடமும் அதில் உண்டு. தடத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, வருஷா வருஷம் படைக்கிற பெரிய தாம்பாளத்தை அதன் பக்கத்தில் வைத்தார்கள். நனைத்த அவலில் சர்க்கரை, தேங்காய்த் துருவல், ஏலக்காய், முந்திரி எல்லாம் பிசைந்து கோபுரமாகக் குவித்து, சுற்றிலும் ஐந்து வகைப் பழம், உச்சியில் ஒரு ரோஜா. பின்ஹாஸ் தொப்பியைச் சரி செய்துகொண்டு எபிரேயத்தில் பாட்டெடுத்தார். பழத்துக்கு ஓர் ஆசி, அவலுக்கு ஓர் ஆசி, ரோஜாவின் மணத்துக்கு ஓர் ஆசி. ஆளுக்கொரு பிடி மலீதா கைக்கு வந்தது.

அப்போதுதான் ஸிபோரா தொண்டையைச் செருமினாள்.

"எல்லாரும் கேளுங்க. நான் அஷ்தோத் போகல. மாமாவுக்கு மெசேஜ் எழுதிட்டேன். இங்க சிக்னல் இல்ல. கீழ ரோட்டுக்குப் போனதும் தானா போயிடும்."

ஒரே கூச்சல். கெதூராவுக்கு என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை. கையிலிருந்த மலீதாவைப் பக்கத்தில் நின்றவர் வாயில் திணித்தாள். பிறகுதான் அது டெம்போ டிரைவர் என்று கவனித்தாள். பாறையைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொடுத்துவிட்டார்! கடைசி நாளில், கடைசி நேரத்தில், கொடுத்தே விட்டார்!

"சாப்பாட்டைத் திறங்கடி!" என்று கத்தினாள்.

மில்கா தூக்கைத் திறந்தாள். அரிசி மாவில் புரட்டி வறுத்த வஞ்சிரத் துண்டுகள், மொறுமொறுவென்று. கெதூரா ஒரு துண்டை எடுத்து வாய்க்கருகில் கொண்டு போனாள்.

ஸிபோரா சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு காதோரமாகப் பேசினாள். "ஆயி, வேண்டாம். எனக்குத் தெரியும்."

"என்னடி தெரியும்?"

"கிட்னிதானே? நீ மீனை விட்டப்பவே எனக்குத் தோணிடுச்சு. கடல்ல குதிச்சு மீன் பின்னாடி நீந்துற ஆளு நீ. டாக்டர் சொல்லாம விடுவியா? இளைச்சு வேற போயிட்டே. டெஸ்ட்டுன்னா ஓடி ஒளியறே. எங்ககிட்ட மறைச்சு வச்சிருக்கே. உன்னை இப்படி விட்டுட்டு நான் எங்க போறது? நாளைக்கே மும்பைக்கு அழைச்சிட்டுப் போறேன். எதுவானாலும் நான் பார்த்துக்கறேன்."

கெதூராவின் கையில் மீன் அப்படியே நின்றது.

எலியாஹு கொடுக்கவில்லை. அவள் தின்னாத மீன்தான் கொடுத்திருக்கிறது.

அவள் மனதுக்குள் வேகமாக ஒரு கணக்கு ஓடியது. மீனைக் கீழே வைத்தால் போதும். ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். டெம்போ ரோட்டுக்கு இறங்கும், மெசேஜ் போகும், மகள் வீட்டிலேயே இருப்பாள். மீன்தானே? ஐந்தரை மாதம் விட்டவளுக்கு மிச்ச ஆயுசும் விட முடியாதா? முடியும். சத்தியமாக முடியும்.

அவள் ஸிபோராவைப் பார்த்தாள். பெண்ணின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எத்தனை ராத்திரி தூங்காமல் இந்தக் கிட்னிக்காகப் பயந்திருக்கிறாளோ. இத்தனை நாள் அந்த முகத்தைப் பார்க்காமல் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்து கெதூராவுக்கு வெட்கமாக இருந்தது.

மீனை வாயில் போட்டாள். முழுத் துண்டு.

"ஆயி! துப்பு! உனக்கு ஆகாது!"

"ஆகும்" என்றாள் கெதூரா வாய் நிறைய. "நல்லா ஆகும்." இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதை மில்கா மறைக்கப் பார்த்தாள், கெதூரா அதையும் பிடுங்கித் தின்றாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, பாதி மீனுக்கு, பாதி வேறொன்றுக்கு. "எனக்கு ஒரு நோயும் இல்லடி. நீ போகக் கூடாதுன்னு நேர்ந்துகிட்டேன். அதுக்குத்தான் மீனை விட்டேன்."

மில்கா தூக்கைக் கீழே வைத்தாள்.

"நீதானே போ போன்னு சொன்னே?" என்றாள் ஸிபோரா.

"வாய் சொல்லிச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?"

ஸிபோராவின் முகம் சிவந்தது. திட்டப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் வாயைத் திறந்தாள்; சிரிப்புத்தான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அஞ்சரை மாசமா நான் உன் கிட்னிக்கு அழுதேன் ஆயி!"

"நான் வாவலுக்கு அழுதேன்!"

"நான் ரெண்டு பங்கு தின்னேன்" என்றார் பின்ஹாஸ், தன்னையும் விட்டுவிடக் கூடாதே என்று.

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. கெதூரா கையைக் கழுவிக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த மெசேஜை அழி."

"அப்ப உன் நேர்ச்சை?"

"பயமுறுத்தி வாங்கினது எனக்கு வேண்டாம். நீ போகணும்னு ஆசைப்பட்டியா இல்லையா? அதைச் சொல்லு."

ஸிபோரா தலையை ஆட்டினாள். ஆசைதான். கெதூரா அந்த போனில் மகளின் விரல் மெசேஜை அழிக்கிறவரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பாறையிடம் போய், குளம்புத் தடத்தில் கை வைத்து, ஏதோ முணுமுணுத்தாள். வெகுநேரம் பேரம் பேசுவது போல இருந்தது.

திரும்பும் வழியில் பின்ஹாஸ் கேட்டார். "மறுபடி நேர்ந்துகிட்டியா? என்னன்னு?"

"சொன்னா பலிக்காது."

"சரி, எதை விட்டேன்னாவது சொல்லு. வஞ்சிரமா, வாவலா? கடைக்குப் போறவன் நான்."

கெதூரா கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துக் கடித்தாள்.

அடுத்த மாதம் ஸிபோரா விமானம் ஏறினாள், ஒவ்வொரு மரப் பண்டிகைக்கும் வந்துவிடுவதாகத் தானாகவே சொல்லிவிட்டு. அந்த வாரம் ஹௌசாபாய் கூடையை இறக்கியதும் கெதூரா இரண்டு வாவல் எடுத்தாள், ஒன்று தனக்கே. பின்ஹாஸ் தலையைச் சொறிந்தார். செவ்வாய்க்கிழமைதான் அவருக்கு விஷயம் புரிந்தது. சந்தையிலிருந்து பாகற்காய் வாங்கி வந்திருந்தார். கெதூரா அதை வறுத்து அவருக்கு மட்டும் வைத்தாள்.

"எனக்கு வேண்டாம். விட்டுட்டேன்."

கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் அவள் பாகற்காயை நாக்கில் வைத்து அவர் பார்த்ததே கிடையாது.

"இதென்னடி ஏமாத்து வேலை?"

"ஏமாத்து இல்லைங்க" என்றாள் கெதூரா, மீன் தலையைத் தன் தட்டுக்கு இழுத்துக்கொண்டு. "வருஷா வருஷம் பலிக்கணும்ல. ஆயுசுக்கும் விடவேண்டியதை யோசிச்சுத்தான் விடணும்."