எருமைக்குப் போட்ட ஊசி

சென்ற வியாழக்கிழமை காலையில் என் மனைவி கமலா ஒரு டம்ளர் பால் குடித்தாள். பத்து நிமிஷம் கழித்து அவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் டை கட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து "ஏன்னா..." என்று ஒரு குரல். கமலாவின் குரல் மாதிரியே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் — உதடு இரண்டும் தடித்து, கண்கள் வீங்கி மூடி, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து... மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது.

"தொண்டை... அடைக்கறது" என்றாள். அதற்குமேல் பேச்சில்லை.

என் கை கால் ஓடவில்லை. ஓடியது என் மைத்துனி வசந்தாதான். அவள் பரேலில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். எங்களோடு மாட்டுங்காவில்தான் தங்கியிருக்கிறாள். "பொண்ணு மாட்டு டாக்டருக்கா படிக்கறா?" என்று கேட்காத உறவினர் பாக்கியில்லை. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் டாக்டரை அவள் பனியனும் வேட்டியுமாக அப்படியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவர் கமலாவை ஒரு பார்வை பார்த்தார். கேள்வி எதுவும் கேட்காமல் ஊசி போட்டார்.

மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா..." என்று ஆரம்பித்தார். நல்லவேளை, முடிக்கவில்லை.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கோபமாகக் கேட்டார்: "பென்சிலின் கொடுத்தேளா?"

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. முன்பொரு முறை தொண்டைப் புண்ணுக்குப் போட்ட பென்சிலின் ஊசியில் கமலா இதே மாதிரி வீங்கிச் சாவின் விளிம்புவரை போய் வந்தவள். அன்றிலிருந்து அந்த மருந்தின் பெயரைச் சொன்னாலே எங்கள் வீட்டில் நடுக்கம்.

"சத்தியமா இல்லை டாக்டர். காலையிலேர்ந்து பால் மட்டும்தான் குடிச்சா."

"பாலா?" என்று உதட்டைப் பிதுக்கினார் டாக்டர்.

வசந்தா மட்டும் சட்டென்று நிமிர்ந்தாள். "அத்திம்பேர், இன்னிக்குப் பால் தபேலாவிலேர்ந்துதானே வந்தது?"

தபேலா என்றால் இந்த ஊரில் எருமைக் கொட்டகை. எங்களுக்குப் பால் வருவது செம்பூரில் சுடலைமுத்துவின் தபேலாவிலிருந்து. திருநெல்வேலிக்காரர். சொட்டுத் தண்ணீர் கலக்க மாட்டார். அவருடைய பாலைப் பற்றி நான் கிங்ஸ் சர்க்கிள் முழுக்கப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

"அதே பாலிலே நாமும்தானே காபி குடிச்சோம்?" என்றேன்.

"நமக்கு ஒத்துக்கும். அக்காவுக்குத் துளி போதும்."

"காய்ச்சின பாலாச்சே!"

"காய்ச்சினா கிருமி சாகும் அத்திம்பேர். மருந்து முழுக்கப் போயிடாது."

மருந்தா? பாலிலா? அவள் ஏதோ பாடப் புத்தகத்தை ஒப்பிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் கமலா தூங்கியதும், பக்கத்து வீட்டு மாமியைத் துணைக்கு வைத்துவிட்டு, இருவரும் செம்பூருக்குப் பஸ் ஏறினோம்.

சுடலைமுத்து எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்கய்யா! என்ன இம்புட்டுத் தூரம்? சொல்லிவிட்டா நானே வந்திருப்பம்லா?"

"எருமை ஏதுக்காவது உடம்பு சரியில்லையா?" என்று நேராகக் கேட்டாள் வசந்தா.

"ஆமாம்மா. நம்ம லெச்சுமிக்குத்தான். மடி கல்லு மாதிரி வீங்கிட்டு. ஒரு காம்புல சீழு. நேத்துல இருந்து ஊசி போடுதேன்."

"யார் போடறது?"

"நாந்தான். பாத்துப் பாத்துப் பழகிட்டுல்லா."

சுவர் இடுக்கிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துக் காட்டினார். வாங்கிப் பார்த்தேன். பென்சிலின்! கமலாவுக்கு அன்று போட்டார்களே, அதே குப்பி, அதே எழுத்து. 

நடந்ததைச் சொன்னேன். கத்தினேன் என்பதே சரி. சுடலைமுத்து பதறிப்போனார்.

"அய்யா, அந்தக் காம்புப் பால ஒரு சொட்டு விக்கலய்யா! தனியாக் கறந்து சாக்கடையில ஊத்திட்டேன். மத்த மூணு காம்பும் சுத்தமாத்தான இருக்கு? கெட்டியா இருக்கும்னு கமலா தங்கச்சிக்கின்னு லெச்சுமி பால மட்டும் தனியா எடுத்துட்டு வந்தேனே!"

நம்பினேன். மனுஷர் பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வசந்தா குரலை உயர்த்தவில்லை. "ஊசியை எங்கே போட்டேள்?"

"கழுத்துலம்மா."

"கழுத்திலே போட்ட மருந்து மடிக்கு எப்படி வந்தது?"

"அது... ரத்தத்தோட..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "ரத்தத்தோடதான் ஓடி வரும். அப்பம்... நாலு காம்புக்கும்லா வந்திருக்கும்!"

தீவன மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உடம்பில் போன மருந்து வேலையை முடித்துவிட்டு மாயமாகிவிடாதாம். எந்த வழியிலாவது வெளியே வந்தாக வேண்டும். கறக்கும் மாட்டுக்குப் பாலும் ஒரு வழி. மருந்தை நிறுத்திய பிறகும் சில நாள் அந்தப் பாலை மனிதர் வாயில் வைக்கக் கூடாது. இதெல்லாம் வசந்தா சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் பி.ஏ. பட்டதாரி!

"நீயே நல்ல மருந்தா எழுதிக் குடு தாயி" என்றார் சுடலைமுத்து.

"நான் இன்னும் படிச்சிண்டிருக்கேன். மருந்து எழுத எனக்கு உரிமை கிடையாது. எங்க காலேஜ் மாட்டு டாக்டரைக் கூட்டிண்டு வரேன்" என்றாள் அவள். சாயந்திரமே கூட்டிக்கொண்டும் போனாள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்தக் குப்பியை விற்ற மருந்துக் கடைக்கு வசந்தாவையும் அழைத்துக்கொண்டு போனேன். என் பாதி இந்தியில் கேட்டேன்: எனக்கு ஒரு பென்சிலின் ஊசி தருவாயா? கடைக்காரர், டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது, சட்டம் என்றார். அப்படியானால் சுடலைமுத்துவுக்கு எப்படிக் கொடுத்தாய்?

"அரே சாப்! வோ தோ பைன்ஸ் கே லியே தா!"

எருமைக்குத்தானே என்கிறார்! அந்த எருமையின் பாலைக் குடிப்பது யார்? எருமையா? மருந்துச் சட்டம் எருமைக்கும் சேர்த்துத்தான், கால்நடை டாக்டரின் சீட்டு வேண்டும் என்று வசந்தா எடுத்துச் சொன்னாள். அவர் எங்களை விநோதமாகப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அவரை மட்டும் சொல்வானேன்? பாலில் தண்ணீர் உண்டா என்று தினம் விசாரிக்கிறோமே... மாட்டுக்குக் காய்ச்சலா, என்ன மருந்து கொடுத்தாய் என்று நம்மில் யாராவது ஒரு நாள் கேட்டிருக்கிறோமா?

மறுநாள் சுடலைமுத்து வந்தார். வாசற்படியிலேயே நின்றார். "தங்கச்சி, வேணும்னு செய்யலம்மா" என்றபோது குரல் உடைந்தது. முக வீக்கம் இன்னும் வற்றாத கமலா, "லக்ஷ்மி எப்படியிருக்கா?" என்று கேட்டாளே பார்க்கலாம்! பெரிய மீசைக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார்.

மாட்டு டாக்டர் சொன்னபடி லக்ஷ்மிக்கு வைத்தியம் நடக்கிறது. அவள் பாலை முழுக்கச் சாக்கடையில்தான் ஊற்றுகிறார். அதோடு விடவில்லை. பால் ஊற்றும் வீடு ஒவ்வொன்றிலும் ஏறி, நடந்ததைத் தன் வாயாலேயே சொல்லி, யாருக்காவது ஏதாவது செய்ததா என்று கேட்டுவிட்டு வந்தார். சிலர் திட்டினார்கள். இரண்டு வீட்டில் பாலையே நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் மேல்மாடி மாமா மட்டும் அவரை மாடிப்படியில் மடக்கிவிட்டார். படித்தவர், பெரிய உத்தியோகம்.

"ஏம்பா, பென்சிலின் கலந்த பாலையா கீழே கொட்டறே? எனக்கு நாலு நாளா ஒரே இருமல். நம்மாத்துக்கு ரெண்டு சேர் ஊத்தேன்!"

எருமை பிழைத்துக்கொள்ளும். நம்மைப் பற்றித்தான் சொல்வதற்கில்லை.