தறிச் சத்தத்தில் அத்தான் சொன்னது

கொடியில் ஈரத்துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருந்த அந்தப் பட்டையை நான்தான் முதலில் பார்த்தேன். தோல் நிறத்தில் அகலமான எலாஸ்டிக் பட்டை. ஒரு பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்குத் தடித்த திண்டு தைத்திருந்தது. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், பட்டாளத்திலிருந்து இரண்டு மாத விடுப்பில் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்த நேரம் அது. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அத்தானின் கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய எண், கண்ணாடிபோல் பளபளக்கும் பூட்ஸ் எல்லாவற்றின் மீதும் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. துப்பாக்கி தூக்குகிறவர்கள் சட்டைக்குள் கட்டிக்கொள்ளும் பட்டை இது என்று நானே முடிவு செய்து, கல்லூரிப் பேருந்தில் தோழியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவள் வீட்டில் மருந்துக்கடை வைத்திருந்தார்கள். "திண்டு வச்ச பட்டையா? அத எங்க கடையில வயசாளிக வந்து வாங்கிட்டுப் போவாங்கட்டி," என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. பட்டாளத்துக்காரரும் வயசாளியும் ஒன்றா என்று அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

பத்து நாள் கழித்து விஷயம் வெளியே வந்தது. எங்கள் வீட்டோடு சேர்ந்த கூடத்தில் இரண்டு விசைத்தறிகள் ஓடின. புதுப் பாவு நூல் சுற்றிய உருளையைத் தறியில் ஏற்ற வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற கனம். அப்பாவோடு சேர்ந்து தூக்க வழக்கமாக வரும் ஆள் அன்று வரவில்லை. "தள்ளுங்க மாமா, நான் தூக்குதேன்," என்று அத்தான் வேட்டியை மடித்துக் கட்டினார். இடுப்பளவு தூக்கியவர் அப்படியே மெல்லக் கீழே வைத்தார். முகம் வெளுத்து, அடிவயிற்றின் வலப்பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஆட்டோ பிடித்து அவரை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மருத்துவர் படுக்கவைத்து, புடைத்திருந்ததை உள்ளே தள்ளி, ஸ்கேன் எடுத்து, ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அந்தத் தாள் என் கைக்கு வந்தது. எங்கள் வீட்டில் எல்லாத் தாளும் என் கைக்குத்தான் வரும். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அக்கா ஐந்தாம் வகுப்போடு தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்துவிட்டாள். பள்ளிப் படிப்பை முடித்து, அதற்கு மேலும் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அன்று அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில், ஒவ்வொரு வரியாக வாசித்துப் பொருள் சொன்னேன். அப்பா, அம்மா, அக்கா, விசாரிக்க வந்திருந்த எதிர்வீட்டு அத்தை, எல்லோரும் இருந்தார்கள். தொடையும் வயிறும் சேரும் இடத்தில் சதை பலவீனப்பட்டு, அதன் வழியாகக் குடல் பிதுங்கி இறங்குகிறது. கனம் தூக்கினால் பெரிதாகும். ஒருநாள் வெளியே வந்தது உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டால் ரத்தம் ஓடாமல் குடல் அழுகும். சில மணி நேரத்தில் கத்தி வைக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. போதாததற்கு என் நோட்டில் படமும் வரைந்து காட்டினேன்.

அம்மா அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். எதிர்வீட்டு அத்தை தாடையில் கைவைத்து, "நான் என்னமோ சண்டையில குண்டு கிண்டு பட்டிருக்கும்னுல்லா நெனச்சேன். இது மூடை தூக்குதவனுக்கு வாரதுல்லா!" என்றாள். அத்தான் என் கையிலிருந்த தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அக்கா என் பக்கம் திரும்பி, "நீ படிச்சது போதும்ட்டி. வாய மூடு," என்றாள். அவள் என்னை அப்படிச் சொன்னது அதுவரை இல்லை.

அத்தானுக்கும் கொழுந்தியாளுக்கும் இடையில் கேலி பேச எங்கள் ஊரில் முழு உரிமை உண்டு. அவர் என்னைக் 'கலெக்டரம்மா' என்பார். நான் அவர் மீசையைக் கிண்டல் செய்வேன். அந்தச் சாயங்காலத்தோடு எல்லாம் நின்றுபோனது. நான் வரும் அறையிலிருந்து அவர் எழுந்து போனார். கேலி பேசலாம், ஆனால் பேசக்கூடாத இடம் ஒன்றும் அதே உறவுக்குள் இருக்கிறது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

அக்கா சொல்லித்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. வடக்கே மலைக் காவல் சாவடியில் இருந்தபோது, தண்ணீர் கேன்களைச் சுமந்து ஏறியதில் ஓராண்டுக்கு முன்பே அது தொடங்கியிருக்கிறது. அத்தான் அப்போது நாயக். அடுத்த பதவியான ஹவில்தார் ஆவதற்கான பயிற்சி வகுப்புக்கு அவர் பெயர் பட்டியலில் இருந்தது. உடம்பில் குறை என்று தெரிந்தால் மருத்துவத் தரத்தைக் குறைப்பார்கள். தரம் குறைந்தவருக்கு அந்த வகுப்பு கிடையாது. ஆண்டுப் பரிசோதனை வரும் நேரம் பார்த்து விடுப்பு எடுத்து வந்துவிட்டார். உள்ளூரிலேயே இரகசியமாக அறுவை செய்துகொள்ளலாமா என்றும் யோசித்திருக்கிறார். தழும்பு காட்டிக்கொடுக்கும், மூன்று மாதம் கனம் தூக்காமல் இருக்க விடுப்பும் இல்லை. "பட்டையக் கட்டிக்கிட்டே போயிருதேங்காரு," என்று அக்கா சொன்னாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. விடுப்பு முடிய மூன்று வாரம்கூட இல்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒருநாள் காலையில் தறிக்கூடத்துக்குப் போனேன். அப்பா தள்ளியிருந்த தறியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அத்தான் வாசல்பக்கத் தறிக்கு எதிரே நின்று, நூலை இழுத்துக்கொண்டு நாடா போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சிருங்க அத்தான்," என்றேன். காதில் கைவைத்து "என்ன?" என்று சைகை காட்டினார். கத்தினேன். விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மூன்றாம் முறை நான் தொண்டை கிழியக் கத்தியதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பதிலுக்குக் கத்த வாயெடுத்தார். வேண்டாம் என்று கையாட்டி, என் கண்ணையும் அவர் உதட்டையும் சுட்டிக்காட்டினேன். எங்கள் தெருப் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் முன்பே உதட்டைப் படித்துவிடுவோம். நாளெல்லாம் தறி ஓடும் வீட்டில் வேறு எப்படிப் பேசுவது? கரிவலம்வந்தநல்லூரில் வயல்காட்டில் வளர்ந்த அத்தானுக்கு அது தெரியாது.

யாருக்கும் கேட்காது என்பது புரிந்ததும் அவர் பேச ஆரம்பித்தார். சத்தமே இல்லாமல், உதடு மட்டும் அசைய, ஓடுகிற பாவு நூலைப் பார்த்துக்கொண்டும் இடையிடையே என்னைப் பார்த்துக்கொண்டும் பேசினார். வகுப்பு போய்விட்டால் தனக்குப் பின்னால் சேர்ந்த சிவகிரிக்காரன் முந்திவிடுவான் என்றார். குண்டடி பட்டவனுக்குக் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், இதற்கு யாரிடம் எப்படிச் சொல்வது என்றார். சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கத்தான் லாயக்கு என்று உட்காரவைத்துவிடுவார்கள் என்றார். "இருமக்கூட பயமா இருக்குட்டி," என்றார். அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு அறிவுரை சொல்லத் தெரியவில்லை. ஒரு சந்தேகம்தான் வந்தது, அதை அவர் காதருகே போய்க் கத்திக் கேட்டேன். "அங்கன மேல இருக்கும்போது அது மாட்டிக்கிட்டா எப்படிக் கீழ கொண்டாருவாங்க?"

பனிக்காலத்தில் ஹெலிகாப்டர் வராது, ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கித்தான் இறக்க வேண்டும், இறக்கத்தில் முன்பக்கம் பிடிப்பவனுக்குத்தான் கனம் அதிகம் என்றார். ஒருமுறை காய்ச்சலில் கிடந்தவனை அவரே தூக்கி இறக்கியிருக்கிறார். பகல் பூராவும் நடை. தூக்கியவர்களில் ஒருவனுக்குப் பனி கடித்து இரண்டு கால்விரல் போய்விட்டது. "அவன் இப்பமும் செருப்புக்குள்ள பஞ்சு வச்சிக்கிட்டுத்தான் நடக்கான்," என்றார்.

"எத்தனை பேரு தூக்குவாங்க?"

அத்தான் இரண்டு கைகளையும் உயர்த்தி எட்டு விரல்களைக் காட்டினார். காட்டியவர் கையை இறக்கவில்லை. தன் விரல்களையே, யாரோ நிறுத்தி வைத்த ஆட்களைப் பார்ப்பதுபோல, ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த நேரத்தில் மின்சாரம் போனது. எங்கள் தறிகளோடு தெருவிலிருந்த அத்தனை தறிகளும் ஒரே மூச்சில் நின்றன. அப்பா திரும்பிப் பார்த்தார். "என்ன மாப்பிள, எட்டு?"

அத்தான் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, இன்னும் தறி ஓடுகிறது என்ற நினைப்பிலேயே, தொண்டை கிழியக் கத்தினார்: "மாமா, நான் ஆபரேஷன் பண்ணிக்கிடப் போறேன்! பட்டாளத்துக்குச் சொல்லிட்டே பண்ணிக்கிடுதேன்!" நாலு வீடு தள்ளித் தார் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா, "சரி மாப்பிள, அதுக்கு ஏன் சத்தம் போடுதீக," என்றார்.

மறுநாளே தன் பிரிவுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னார். மலைக்கு அந்தப்புறம் கேரளத்திலிருக்கும் ராணுவ மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அக்காவும் அப்பாவும் நானும் கூடப் போனோம். படிவங்களை நான் நிரப்பினேன். இந்தமுறை மனதுக்குள் வாசித்தேன். பலவீனமான இடத்தில் ஒரு வலையை வைத்துத் தைப்போம், அதைச் சுற்றிச் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும் என்று அறுவை மருத்துவர் மலையாளம் கலந்த தமிழில் விளக்கினார். அதுவரை கைகட்டி நின்றிருந்த அப்பா முன்னால் வந்தார். "சார், வலைன்னா எத்தனாம் நம்பர் நூலு? இஞ்சுக்கு எத்தன இழை?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மருத்துவர் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மாதிரித் துண்டை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். அப்பா அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தார். "நெய்தது இல்ல, பின்னுனது. இழுத்தா கொடுக்கும், பிரியாது," என்று அக்காவிடம் சொன்னார். மருத்துவர் சொன்னபோது தெளியாத அக்காவின் முகம் அதைக் கேட்டபிறகுதான் தெளிந்தது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஓய்வுக்கு ஊருக்கு அனுப்பினார்கள். காலையும் மாலையும் கோயிலைச் சுற்றி ரத வீதிகளில் நடக்க வேண்டும், தூக்க மட்டும் கூடாது. நடப்பது அவருக்கு எளிதாக இருந்தது, தூக்காமல் இருப்பதுதான் சிரமம். எங்கள் தெருக் குழாயில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும். அக்கா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து போவாள். அத்தான் வாசலில் வெறுங்கையோடு நிற்பார். விஷயம் தெரிந்திருந்தும் எதிர்வீட்டு அத்தை விடுவாளா? "பட்டாளத்து மாப்பிள கைய வீசிக்கிட்டு நிக்காரு, பொண்டாட்டி முதுகொடியச் சுமக்கா. நல்லாத்தான் நாட்டக் காப்பாத்துதாக!" என்று குழாயடி முழுக்கக் கேட்கச் சொன்னாள். மற்றவர்கள் கேட்டால் அப்பெண்டிசைட்டிஸ் என்று சொல்லிவிடலாம் என அக்கா முன்பே யோசித்து வைத்திருந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன் அத்தான் முந்திக்கொண்டார். "குடல் இறக்கம் அத்தை. ஆபரேஷன் ஆகியிருக்கு. மூணு மாசத்துக்குத் தூக்கக்கூடாதுன்னு ஆர்டரு. ஆர்டர மீறச் சொல்லுதீகளா?" அத்தை தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். அந்த வாரமே எதிர்வீட்டு அத்தையின் கணவர், சந்தையில் மூடை இறக்குகிறவர், நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவுக்கும் விலை இல்லாமல் போகவில்லை. பயிற்சி வகுப்புக்குச் சிவகிரிக்காரர் தேர்வானார். அவரே போன் செய்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "நல்லாப் பண்ணுடே. ஓட்டத்துல மட்டும் கவனமா இரு, கடைசி வட்டத்துல மூச்ச விட்டுருவ," என்று அத்தான் சொல்லிப் போனை வைத்தார். அன்று மாலை நடக்கப் போனவர் திரும்பிவர வழக்கத்தைவிட வெகுநேரம் ஆனது. வந்ததும் கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் கேட்ட கேள்வியால்தானே என்று எனக்குள் ஒன்று அரித்தது. அது முழுதாகப் போய்விட்டது என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

ஆறு மாதம் குறைந்த தரத்தில் கிடங்கு வேலை பார்த்தார். பிறகு மறுபரிசோதனையில் தரம் திரும்பக் கிடைத்தது. ஓராண்டு பிந்தி ஹவில்தார் ஆனார். ஓய்வு பெறும் நாள்வரை சிவகிரிக்காரர் அவருக்கு ஓராண்டு மூத்தவராகவே இருப்பார். அது அப்படித்தான்.

நான் இப்போது ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். போன பனிக்காலத்தில், இடைவேளை நேரத்தில் அத்தானிடமிருந்து போன் வந்தது. அவர் மறுபடியும் மலைமேல் இருந்தார். அக்கா போனை எடுக்கவில்லை, பயப்படப்போகிறாள், நன்றாக இருப்பதாகச் சொல் என்றார். குரல் களைத்திருந்தது. என்ன ஆயிற்று என்றேன்.

"ஒண்ணுமில்லட்டி. ஒரு பையனுக்குத் திடீர்னு வயித்து வலி. வானம் மூடிக்கிடுச்சு, ஹெலிகாப்டர் வரல. ஸ்ட்ரெச்சர்ல வச்சுத் தூக்கிட்டு இறங்குனோம். இப்பம் ஆஸ்பத்திரியில சேத்தாச்சு, பொழைச்சுக்கிடுவான்."

பள்ளிக்கூட இரைச்சலில் சரியாகக் கேட்டேனா என்று சந்தேகமாக இருந்தது. "நீங்களுமா தூக்குனீக?"

"பின்னே?" என்றார் அத்தான். "முன்பக்கம் எனக்கு."